சனிக்கிழமை மதிய ஆட்டம்

அந்த அக்டோபரில் ஒன்பது நாள் விடாமல் மழை. வட இங்கிலாந்தில் எங்கள் ஆக்கன்டேலில் மழையைப் பற்றிப் பேசினால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். மூன்று பக்கமும் மேட்டுப் புல்வெளி, நடுவே பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு, ஆற்றை ஒட்டி நான்கு கம்பளி ஆலைகள், எட்டுத் தெருக்கள், கூட்டுறவுக் கடை, கடைக்குப் பின்னால் அதன் மன்றம். இந்தப் பள்ளத்தில் பிறந்தவர்கள் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த மழையில் ஆறாம் நாளே பேச ஆரம்பித்துவிட்டோம். வீட்டுச் சுவர்கள் உள்பக்கமாக வியர்த்தன. அலமாரியில் உப்பு குழைந்துபோனது.

நான் அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. ஊர் நாடகக் குழுவுக்குப் பியானோ வாசிப்பேன். அப்படித்தான் ஹேலி குடும்பம் எனக்குப் பழக்கம். மன்றத்தில் நடந்தது நான் கண்ணால் பார்த்தது. அணையில் நடந்தது அந்த வீட்டு அம்மா ஹில்டாவும் மகள் மேவிஸும் பிறகு சொன்னது.

ஈனாக் ஹேலி ஸ்கார்பெக் அணையின் காவலாளி. இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை. அணையடியில் இருந்த காவலாளி வீடு கூரை போய்க் கிடந்ததால் ஆற்றோரத் தெருவில், ஊரிலேயே தாழ்ந்த வரிசையில், குடியிருந்தார்கள். உயரமான மனிதர், கொஞ்சம் கூன், வாரத்துக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அணை நூறு வருடத்துக்கு முன் மண்ணால் கட்டியது. அதன் நடுவே ஆட்கள் காலால் மிதித்து நிரப்பிய களிமண் சுவர். அடிவாரத்தில் ஓரிடத்தில் எப்போதும் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசியும். "அது கெடக்கு, அணை மூச்சு விடுது" என்பார். தினமும் காலையில் அந்தக் கசிவை ஒரு பால் பாட்டிலில் பிடித்து வந்து சமையலறை ஜன்னலில் வைப்பார். தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கலங்கியிருந்தால் உள்ளே களிமண் கரைகிறது என்று பொருள்.

இரண்டு வருடம் முன்பு, பனி உருகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் ஈனாக் சேற்றுக் காலோடு கோவிலுக்குள் வந்து அணை சரிகிறது என்று கத்தினார். ஊரே மேட்டுக்கு ஓடியது. அடுப்பில் வைத்த இறைச்சி எட்டுத் தெருவிலும் கருகியது. மாலையில் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, சரிந்தது வெறும் முயல் வளை என்றார். அன்று முதல் ஈனாக்குக்கு நோவா என்று பெயர், பைபிளில் ஊழி வெள்ளத்துக்கு முன் மிருகங்களைக் கப்பலில் ஏற்றியவர் பெயர். "என்ன நோவா, ஒட்டகச்சிவிங்கி ஏறியாச்சா?" என்று கசாப்புக் கடையிலேயே கேட்பார்கள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். பாடுபட்டது அவர் மகள் மேவிஸ்தான். பத்தொன்பது வயது, தறிக்கூடத்தில் நான்கு தறி பார்க்கிறவள். தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது, நெசவுப் பெண்கள் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். முப்பது அடி தள்ளி ஒருத்தி 'நோவா மக' என்று வாயசைத்தால் காதைப் பொத்திக்கொண்டும் பயனில்லை.

ஈனாக்கின் மனைவி ஹில்டாவை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவளும் நெசவுக்காரிதான், பெரிய உடம்பு, வட்ட முகம். மேடைக்கு அவள் வந்து நின்றால் போதும், வாயைத் திறக்குமுன்பே மன்றம் சிரிக்கும். அந்த வருடம் நாங்கள் போட்டது 'மேயரின் பொய்முடி' என்ற பாட்டு நாடகம். நூற்றைம்பது வருடம் முந்திய கதை. பொய்முடி வைத்த மேயர், வழிப்பறிக்காரனோடு ஓடிப்போகப் பார்க்கும் அவர் மகள், மூன்று கணவனைப் புதைத்துவிட்டு நான்காவதற்கு மேயரைக் குறிவைக்கும் சீமாட்டி. சீமாட்டி ஹில்டா. மேயர் மகள் மேவிஸ், முதல் தடவையாகப் பெரிய வேடம். வியாழன், வெள்ளி இரண்டு ஆட்டமும் நிறைந்து வழிந்தன. சனிக்கிழமை மதிய ஆட்டம் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும்.

சனிக்கிழமை காலை ஹில்டா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தபோது ஈனாக் வந்து பாட்டிலை ஜன்னலில் வைத்தார். உட்காரவில்லை.

"ஷூவக் கழட்டேன், தரையப் பாரு" என்றாள் ஹில்டா.

"பாட்டிலப் பாரு."

அவள் பார்த்தாள். நீர்த்த தேநீர் நிறம். அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு வண்டல் இறங்கிக்கொண்டிருந்தது.

"மழைத் தண்ணி கலந்திருக்கும்."

"கூரைய நான்தான் போட்டேன் அதுக்கு மேல. மழை எப்படிக் கலக்கும்?"

மேவிஸ் தலை நிறைய முடி சுருட்டும் சுருள்களை மாட்டிக்கொண்டு படியில் இறங்கி வந்தாள். கொழுப்பு தடவிய ரொட்டியில் பாதியைக் கடித்தவள் அப்பா முகத்தைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, வேணாம். இன்னைக்கு வேணாம்."

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா."

"நீங்க சொல்லப்போறீங்க. உங்க மூஞ்சி தெரியாதா எனக்கு? ரெண்டு வருசம் அந்தத் தறிக்கூடத்துல நான் பட்டது போதும். இப்பத்தான் ஒரு வாரமா என்னைய 'மேயர் மக'ன்னு கூப்புடுறாளுக. ஒரு வாரம்! அதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?"

"மேவிஸ்!" என்றாள் ஹில்டா.

"இருக்கட்டும் விடு" என்றார் ஈனாக். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "ஆபீசுக்குப் போன் பண்ணிப் பாக்குறேன். பொறியாளர் வந்து பாத்து அவரே சொல்லட்டும். நான் வாயத் தெறக்கல."

கூட்டுறவுக் கடைத் தொலைபேசியிலிருந்து அவர் மூன்று தடவை கூப்பிட்டார். பொறியாளர் பதினெட்டு மைலுக்கு அப்பால் தங்கை மகள் கல்யாணத்தில் இருந்தார். எழுத்தர், பெரிய மதகைத் திறக்கப் பொறியாளர் கையெழுத்து வேண்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். "முயல் ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா மிஸ்டர் ஹேலி?" என்றும் கேட்டாராம். ஈனாக் ரிசீவரை வைத்துவிட்டு, மளிகைக்காரப் பெண்ணிடம் நன்றி சொல்லிவிட்டு, மேட்டுப் பாதையில் ஏறிப் போய் மதகைத் திறந்தார்.

திறக்கப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். ஆள் உயரச் சக்கரம், எத்தனையோ வருடமாக முழுதாகத் திருப்பாதது. பதினோரு சுற்று சுற்றியது. அதற்குமேல் அசையவில்லை. மதகு வழியே போன தண்ணீரைவிட மேட்டிலிருந்து ஏரிக்குள் வந்த தண்ணீர் அதிகம்.

பன்னிரண்டு மணிக்கு ஹில்டா உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் போட்ட குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, துணியால் முடிந்து, மகள் கையில் கொடுத்தாள்.

"குடுத்துட்டு ஒடனே வா. ஒன்றரைக்கு முகத்துக்குப் பூசணும்."

"நீயே போயேன்."

"காலைல அந்த மனுசன என்ன பேச்சுப் பேசுன? போய்க் குடு. மன்னிப்புக் கேக்க வேணாம், குழம்பக் குடு."

ஒன்றரை ஆனது. ஒன்றேமுக்கால் ஆனது. மன்றத்தின் பின்னறையில் பவுடர் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் மூச்சை அடைத்தன. பன்னிரண்டு கோரஸ் பெண்கள், எல்லாரும் நெசவுக்காரிகள், வளையம் வைத்த பாவாடைகளோடு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். நாடகத்தை நடத்துகிறவர் இரும்புக் கடைக்காரர் ரெஜினால்ட் பிக்கில்ஸ், மேயரும் அவர்தான். பொய்முடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், அந்தப் பொண்ணு எங்க? முன்னூத்தம்பது பேரு உக்காந்துருக்காங்க. முதல் வரிசையில போலீஸ் சார்ஜென்ட் குடும்பத்தோட வந்துருக்காரு."

"வந்துருவா மிஸ்டர் பிக்கில்ஸ்."

"வரலைன்னா உடுப்பு மாட்டிவிடுற வின்னிய விடுறேன். அவளுக்குப் பாட்டுத் தெரியும், சுதிதான் தெரியாது."

இரண்டு மணிக்கு வின்னி மேயர் மகளாக மேடை ஏறினாள். ஹில்டா சீமாட்டியாக ஏறினாள். பார்வையாளர்கள் சிரித்தார்கள். அவள் விசிறியை விரித்தாள், இன்னும் சிரித்தார்கள். பியானோவில் இருந்து பார்க்க எனக்கு மட்டும் தெரிந்தது, ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் கண் பக்கத் திரைக்குப் போய்த் திரும்பியது. கூரைத் தகரத்தில் மழை அடித்த அடியில் சில இடங்களில் எனக்கே பியானோ கேட்கவில்லை.

இடைவேளையிலும் மேவிஸ் வரவில்லை. "கால் வழுக்கி விழுந்திருப்பாளோ" என்றாள் ஹில்டா. அவள் விரல்கள் விசிறியின் குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் தடவிக்கொண்டிருந்தன.

இரண்டாம் அங்கத்தில் சீமாட்டி தன் மூன்று புருஷன்களும் எப்படிச் செத்தார்கள் என்று பாடும் பாட்டு ஒன்று உண்டு. ஊரே காத்திருக்கும் பாட்டு. முதல் கணவன் சூப்பில் மூழ்கி முடிந்து, இரண்டாமவன் மணிக்கூண்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, எனக்கு எதிரே இருந்த கோரஸ் தாளம் தப்பியது. நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பெண்களும் வலது பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே மேவிஸ் நின்றாள். தலையில் சுருள்கள் பாதி அவிழ்ந்து தொங்கின. நெஞ்சுவரை சேறு. சத்தமே இல்லாமல், தறிக்கூடத்தில் பேசுவதுபோல், உதட்டை அகலமாக அசைத்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பாஷை முழுதாக வராது. ஒரு சொல் புரிந்தது. அணை.

மற்றவர்களுக்கு எல்லாம் புரிந்தது. பூசிய வெள்ளைக்கும் சிவப்புக்கும் அடியில் பன்னிரண்டு முகங்கள் ஒரே நேரத்தில் செத்துப்போனதை நான் பார்த்தேன். டோரதி என்ற ஒருத்தியின் கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது. அவள் குழந்தைகள் இரண்டும் மூன்றாவது வரிசையில் இருந்தன. ஆனால் ஒருத்தியும் இடத்தைவிட்டு அசையவில்லை. எல்லாரும் ஹில்டாவைப் பார்த்தார்கள்.

ஹில்டா இரண்டாவது கணவனை மணிக்கூண்டிலிருந்து தள்ளி முடித்தாள். மன்றம் கைதட்டியது. மூன்றாமவனுக்குப் போகாமல், குனிந்து வணங்குவதுபோல் பாவனை செய்துகொண்டே பக்கத் திரைக்குள் போனாள். நான் இசையைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தேன். திரை எனக்கு ஆறடி தூரம்.

"நீ கண்ணால பாத்தியா?" என்றாள் ஹில்டா.

"கைய விட்டேம்மா. கசிவு இருந்த எடத்துல இப்ப ஓட்டை. முழங்கை வரைக்கும் போச்சு. உள்ள இழுக்குதும்மா, யாரோ கையப் பிடிச்சு இழுக்குற மாதிரி." அவளுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "ரெண்டு பேருமா சக்கரத்தத் திருப்பினோம். இன்னும் நாலு சுத்துதான் வந்துச்சு. அப்பா அங்கேயே நிக்குறாரு, வரமாட்டேங்குறாரு. மன்றத்தக் காலி பண்ணச் சொன்னாரு. 'சிரிச்சா சிரிக்கட்டும், உங்கம்மா பாத்துக்குவா'ன்னாரு."

பிக்கில்ஸ் நடுவில் வந்தார். பொய்முடி சரிந்திருந்தது. "ஹில்டா, யோசிச்சுப் பேசு. முன்னூத்தம்பது பேரு, பாதி கிழங்கட்டை. ஒத்தக் கதவு, மூணு படி. 'ஓடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா மிதிச்சே பத்துப் பேரு சாவான். அதுவும் எதுக்கு? மறுபடியும் முயலுக்கா?"

"என் மக கைய விட்டுப் பாத்துருக்கா ரெஜினால்ட்."

"அவ கொழந்த. பயந்துருப்பா. ஆட்டம் முடிய இன்னும் முக்கால் மணி நேரந்தான்."

அவர் சொன்னதில் பாதி சரி என்று ஹில்டாவுக்குத் தெரிந்தது. அந்தக் கதவும் படியும் அவளுக்கும் தெரியும். பிறகு திரையை விலக்கிக்கொண்டு வந்து, மேடை விளிம்பில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"டீச்சரம்மா, ராணிப் பாட்ட வாசிங்க."

"இப்பவா?"

"இப்ப."

ஆட்டம் முடிந்ததும் தேசிய கீதம் வாசிப்பது வழக்கம். ராணி பட்டமேறிய அடுத்த வருடம் அது. முதல் சுரம் விழுந்ததும் ஆள் எழுந்து நின்றுவிடும், தூங்குகிறவன்கூட. வாசித்தேன். ஒரு கணம் குழப்பம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் சார்ஜென்ட் எழுந்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. வரிசை வரிசையாக முன்னூற்றைம்பது பேர் எழுந்து, தொப்பியைக் கழற்றி, கையைப் பக்கத்தில் வைத்து நின்றார்கள். கிழவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோரஸ் நின்றது. நான் முடித்துக் கையை எடுத்ததும் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

ஹில்டா சீமாட்டியின் பொய்முடியைத் தன் தலையிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். அடியில் துணி சுற்றிய அவள் சொந்தத் தலை சின்னதாகத் தெரிந்தது.

"ஆட்டம் முடிஞ்சுது" என்றாள், கடையில் பேசுகிற குரலில். "நல்லாக் கேளுங்க, ஒரு தரந்தான் சொல்லுவேன். அணையில ஓட்டை. என் மக கைய விட்டுப் பாத்துருக்கா. நீங்க எம்புருசன என்ன பேரு சொல்லிக் கூப்புடுறீங்கன்னு எனக்குத் தெரியும். இப்ப அது வேணாம். ஓடாதீங்க. கடைசி வரிசை முதல்ல. கோவில் பள்ளிக்கூடத்துக்கு மேட்டு வழி. பாட்டி, நீங்க உக்காருங்க, உங்களத் தூக்கிட்டுப் போவாங்க. சார்ஜென்ட் ஐயா, ஆத்தோரத் தெருவ நீங்க பாத்துக்குங்க. டோரதி, கொழந்தைங்களப் பிடி. நடங்க."

பின்வரிசையில் ஒரு ஆண்குரல், "யம்மா, ஒட்டகச்சிவிங்கி..." என்று ஆரம்பித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கோரஸ் பெண்கள் பன்னிரண்டு பேரும் பாவாடை வளையங்களைக் கால்வழி உருவிப் போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

அந்த மேடு ஏறியதை நான் மறக்கமாட்டேன். மழையில் பவுடர் வழிந்து பெண்கள் முகமெல்லாம் வரிவரியாக வெள்ளை. சிவப்புக் கோட்டு வழிப்பறிக்காரன் முதுகில் ஒரு குழந்தை, கழுத்தில் ஒன்று. நாடகத்தில் சீமாட்டியைத் தூக்கிவரும் அட்டை ஒட்டிய மரப் பல்லக்கில், நடக்க முடியாத இரண்டு கிழவிகளை மாற்றி மாற்றித் தூக்கிப் போனார்கள். கடைசியாக வந்தவர் பிக்கில்ஸ். நடிகர்கள் கோட்டுகளையெல்லாம் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, "சளி பிடிக்கும், போட்டுக்குங்க, சளி பிடிக்கும்" என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

மூன்றரைக்கு எல்லாரும் மேலே வந்துவிட்டோம். ஆற்றோரத் தெருக்காரர்கள் கூண்டுப் பறவை, சுவர்க் கடிகாரம் என்று கைக்கு வந்ததோடு வந்தார்கள். மேவிஸ் வரவில்லை. அவள் மன்றத்திலிருந்து நேராக அணைக்குத் திரும்பிப் போய்விட்டாள், ஆலையிலிருந்து மூன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு.

பள்ளிக்கூடத்துக் கல்மதிலில் நின்றால் பள்ளத்துக்கு அப்பால் அணை தெரியும். சாம்பல் நிற மழையில் பச்சையாக ஒரு நீளமான கரை. அதன் மேல் எறும்பு அளவில் ஐந்து உருவங்கள் சக்கரத்தைச் சுற்றி அசைந்தன. கீழே ஊர் முழுவதும் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்தன, வீட்டில் ஆளில்லாமல்.

நான்கு மணி. ஒன்றும் நடக்கவில்லை. யாரோ தேநீர் போட்டார்கள். குழந்தைகள் முதலில் அழுதன, பிறகு விளையாட ஆரம்பித்தன. நாலே காலுக்கு, "அடுப்புல ரொட்டி வச்சுட்டு வந்தேன்" என்றது ஒரு குரல். நாலரைக்கு ஒருவன் மதில் ஓரமாக வந்து அணையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் நிக்குது" என்றான். பக்கத்தில் இருந்தவன் மெதுவாக, "முயலு வளை ஆழமாத் தோண்டியிருக்கும்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு குடும்பம் கூண்டுப் பறவையோடு கீழே இறங்கப் புறப்பட்டது. சார்ஜென்ட் தடுத்தார். சத்தம் போட்டார்கள்.

ஹில்டா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீமாட்டியின் ஊதாப் பட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. நான் என் கோட்டை அவள்மேல் போட்டேன். அவள் திரும்பவில்லை. கண் அணையிலேயே இருந்தது, உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்து விலகி நின்றேன். எனக்கும் பயம்தான், ஆனால் அந்த நேரம் எதற்குப் பயந்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மேட்டுச் சாலையில் ஒரு கார் வந்தது. கல்யாணக் கோட்டில் பூச்செருகிய பொறியாளர் இறங்கினார். சார்ஜென்ட் போன் செய்து கல்யாணப் பந்தியிலிருந்து எழுப்பியிருந்தார். மேட்டு விளிம்போடு சுற்றி அணைக்கு நடந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கரையில் இறங்கி, அடிவாரத்தில் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்திருந்தார். ஏறி வந்தார். கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டார். ஐந்து உருவம் ஆறு ஆனது.

பறவைக் கூண்டுக்காரர் திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்தார்.

அணை உடையவில்லை. சக்கரம் இருட்டும் நேரத்தில் முழுதாகத் திரும்பியது. அன்று இரவும் மறுநாளும் நாங்கள் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்தோம். திங்கட்கிழமை மழை விட்டது. ஏரி வடியப் பதினோரு நாள் ஆனது. சேறு காய்ந்தபின் பொறியாளர்கள் கரையை வெட்டிப் பார்த்தார்கள். களிமண் சுவருக்குள் ஒரு குகை இருந்தது, கன்றுக்குட்டி நிற்கலாம். இன்னும் ஒரு நாள் மழை பெய்திருந்தால் என்று அவர்கள் ஆரம்பித்தார்கள், முடிக்கவில்லை.

எங்கள் ஊரில் மன்னிப்பு என்று யாரும் வாயால் கேட்பதில்லை. அடுத்த வாரம் முழுவதும் ஹேலி வீட்டு வாசலில் கேக்கும் ஜாமும் வந்து சேர்ந்தன. கசாப்புக்காரர் ஒரு முழு ஆட்டுத் தொடையைக் கொடுத்துவிட்டு விலை சொல்ல மறுத்தார். தறிக்கூடத்தில் மேவிஸிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை, அதுதான் நிம்மதி என்றாள். புண்ணான உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு அவள் தறி ஓட்டினாள். அவள் இரண்டு தறியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஹில்டா என்னிடம் சொன்னதைச் சொல்லவேண்டும். ஈனாக் போய்ச் சேர்ந்து வெகு காலம் கழித்து, ஒரு மதியம் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே சொன்னாள்.

அந்த ஆட்டுத் தொடையைச் சமைத்த ஞாயிற்றுக்கிழமை. மேவிஸ் கோவிலில் பாடப் போயிருந்தாள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் மேசையில். ஈனாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹில்டாவுக்கு இறங்கவில்லை. எட்டு நாளாகவே சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஊரெல்லாம் புண்ணியவதி என்று கைபிடித்துக் குலுக்கியது, ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் குமட்டியது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும் ஈனாக்."

"சொல்லு."

"அன்னைக்கு மதில் பக்கத்துல நின்னேன்ல. நாலரை மணி இருக்கும். எவனோ முயல்னு சொன்னான். சிரிச்சானுக. அப்ப நான் அணையப் பாத்து..." மேசையில் சிந்திய ரொட்டித் துகளை விரலால் திரட்டினாள். "போ, ஒடைஞ்சு போன்னு சொன்னேன். ஒரு தரம் இல்ல. வேண்டிக்கிட்டேன். நம்ம வீடு, அத்தன பேரு வீடு, எல்லாம் அடிச்சுட்டுப் போகட்டும்னு. நீயும் மேவிசும் அதுமேல நின்னீங்க. அது தெரிஞ்சுதான் நின்னேன். தெரிஞ்சும் வேண்டினேன்."

ஈனாக் மெல்வதை நிறுத்தவில்லை. விழுங்கினார். ரொட்டித் துண்டால் தட்டில் இருந்த குழம்பைத் துடைத்தார். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிதன் எழுந்து வெளியே போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் கை மேசைமேல் கொஞ்சம் நகர்ந்து, காய்த்துப் புண்ணான உள்ளங்கை மேலாகத் திரும்பி, அவள் பக்கத்தில் கிடந்தது.

"நாலரைக்கா?" என்றார். "நான் நாலு மணியிலேர்ந்து."